சாலமன் சொன்ன முடிவு

1

தீபாவளி முடிந்து கிறிஸ்துமஸ் இன்னும் வராத நவம்பரில் இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். தெருவில் ஆள் இருக்காது. அந்த மாதத்தை எப்படியாவது தள்ளியாக வேண்டும் என்று இந்த ஜெர்மன் சிற்றூரின் இந்தியர் சங்கம் வருடாவருடம் எதையாவது ஏற்பாடு செய்யும். ஒரு வருடம் சமோசா செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடம் யோகா. இந்த வருடம் நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய இந்திப் படம், ஜெர்மன் சப்டைட்டிலோடு. காதலும் நட்பும் பற்றிய படம் என்று அறிவிப்பில் போட்டிருந்தார்கள். பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சொல்லாமல் விடுகிறேன்.

எங்களுக்குப் போக மனமில்லை. மகள் எழில் இரண்டு ஞாயிறுகளாக வீடியோவில் வரவில்லை. 'பிசி' என்று ஒரு சொல், ஒரு கட்டைவிரல் படம், அவ்வளவுதான். வீட்டில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு இருட்டில் படமாவது பார்க்கலாம் என்று என் கணவர் சேகர்தான் கிளப்பினார்.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் சேகர் என் முழங்கையை இடித்தார். "ஏய், இது நம்ம சாலமன் கத சொன்ன படமாச்சே!"

அதேதான். இரண்டு நண்பர்கள். ஒரு பெண். இருவருக்கும் அவளைப் பிடிக்கும். ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான், இன்னொருவன் சொல்லாமல் ஒதுங்கிக்கொள்கிறான். இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகிவிட்டது நாங்கள் அதைப் பாதி பார்த்து. மீதிப் பாதி சாலமன் வாயால் கேட்டது. அந்த மீதி எப்படி வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும் என்ற தெம்பில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

வரவில்லை. திரையில் வந்தது வேறு. ஒதுங்கிப்போன நண்பன் கடைசியில் செத்துப்போகிறான். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டு நிற்கப் படம் முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டார்கள். பக்கத்து வரிசையில் ஒரு ஜெர்மன் மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சேகர் சிரித்தார். "சாலமன் நம்மகிட்ட வேற கதையில்ல வுட்டுகிறான்!" கார் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை.

2

சாலமனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை வந்த புதிதில், சுற்றியிருந்த உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நாங்கள் மூவரும் ஒரே பேட்ச்சில் சேர்ந்தோம். சேகரும் சாலமனும் லைனில். நான் வேதியியல் பட்டம் வாங்கியிருந்ததால் தரம் பார்க்கிற மேசையில். சேகர் வடக்குப்பட்டு. சாலமன் சிங்கப்பெருமாள் கோவில். சாலமனின் அப்பா ராணுவத்தில் இருந்தவர். வடக்கே குவாட்டர்ஸிலேயே வளர்ந்ததால் எங்கள் பேட்ச்சில் இந்தி தெரிந்த ஒரே ஆள் சாலமன்.

எங்கள் சூப்பர்வைசர் வடக்கத்தி மனிதர். தமிழ் ஒரு சொல் தெரியாது. நாலு மணி ஷிஃப்டு முடிகிறபோது எங்களை வரிசையாக நிறுத்தி முகம் சிவக்க இந்தியில் ஏதோ கத்துவார். கத்தி முடித்ததும் சாலமனைப் பார்ப்பார். சாலமன் எங்களைப் பார்த்துச் சொல்லுவார்:

"சார் இன்னா சொல்றாருன்னா, இன்னிக்கு ரிஜெக்ட் கொஞ்சம் ஜாஸ்தியாம். பரவால்ல, புதுப் பசங்க, கை பழகிடும்ன்றாரு. டீ குட்ச்சிட்டுப் போவச் சொல்றாரு."

நாங்கள் சூப்பர்வைசரைப் பார்த்துப் புன்னகை செய்வோம். அவர் இன்னும் சிவப்பார். "நல்ல மனுஷன்யா, பேச்சுதான் கொஞ்சம் சத்தம்" என்று வெளியே வந்து பேசிக்கொள்வோம். ஒரு வருடம் அந்த மனிதரை எல்லோரும் அத்தனை மரியாதையாக வைத்திருந்தோம். மாற்றலாகிப் போனபோது பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கிக்கொடுத்தோம். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார். அதற்கப்புறம்தான் வேறு ஒரு இந்திக்காரர் மூலமாக அவர் தினமும் என்னென்ன சொல்லித் திட்டினார் என்று தெரியவந்தது.

"ஏன் சாலமன் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"மேடம், அவரு சொன்னத அப்டியே சொல்லியிருந்தா பாதிப் பேரு மறுநாளே நின்னுட்டிருப்பாங்க. நின்னுட்டா அவருக்கும் வேல ஆவாது. நான் ரெண்டு பேருக்கும் நல்லதுதான பண்ணேன்?"

தர மேசையில் இருந்ததால் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். கிண்டலாக ஆரம்பித்தது. இன்றுவரை மேடம்தான்.

அந்தப் படத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு மதியம், பையன்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் எடுத்துவந்து, ஒரு தமிழ்ப் படமும் ஓர் இந்திப் படமும் போட்டார்கள். கம்பெனியிலிருந்து பெண்கள் நாலு பேர் போயிருந்தோம். சாலமன் டிவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்துக்கும் தமிழ் சொல்லிக்கொண்டே வந்தார். கதை இறுகிக்கொண்டு வருகிற இடத்தில் கரண்ட் போனது. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். டெக்காரன் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"டேய், முடிவு தெரியாம நான் எப்டிரா தூங்குவேன்?" என்றார் சேகர்.

"எனக்குத் தெரியும், நான் குவாட்டர்ஸ்ல மூணு வாட்டி பாத்துகிறேன்" என்றார் சாலமன். எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். சொன்னார். அந்த நண்பன் வேறு ஊரில் வேலை வாங்கிக்கொண்டு ரயில் ஏறிப் போய்விடுகிறான். ஆனால் வருடாவருடம் தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்கு வருவான். இலை போட்டுப் பரிமாறுவார்கள். முதல் கவளம் வாயில் வைத்ததும், "உப்பு கம்மி" என்பான். அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் உப்பு எடுத்து வருவாள். அத்தோடு படம் முடிகிறது.

"இது இன்னாடா முடிவு, சப்புன்னுகீது" என்றார் சேகர். பெண்கள் சிரித்தோம்.

அடுத்த மாதம் சேகர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தவர் சாலமன்.

கல்யாணத்துக்குப் பிறகு, நாங்கள் நாட்டைவிட்டுக் கிளம்புகிறவரைக்கும், ஒவ்வொரு தீபாவளிக்கும் சாலமன் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். முதல் கவளத்திலேயே, "மேடம், உப்பு கம்மி" என்பார். படத்து ஜோக் என்று நாங்கள் சிரிப்போம். நான் எழுந்துபோய் உப்பு டப்பாவைக் கொண்டுவருவேன்.

நூலகத்திலிருந்து திரும்பிய அன்று காரில் இதையெல்லாம்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். மூன்று முறை பார்த்த படத்தின் முடிவு ஒருவருக்கு மறந்துபோகாது. இதற்குமேல் இதைப் பற்றி எழுதுவதற்கில்லை. சேகரும் இதைப் படிப்பார்.

3

எழிலுக்கு நாலு வயதில் இங்கே வந்தோம். சேகரின் கம்பெனி மூன்று வருடத்துக்கு என்று அனுப்பியது. இருபது வருடம் ஆகிவிட்டது.

என் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளவில்லை. ஒரு தொடக்கப் பள்ளியில் மதிய உணவு பரிமாறுகிறேன். குறைகூற எனக்கு ஒன்றும் இல்லை. குழந்தைகள் தட்டை நீட்டும், நான் கரண்டியால் அள்ளி வைப்பேன். ஜெர்மன் மொழியில் பெரியவர்களுக்கு ஒரு சொல், குழந்தைகளுக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒரு சொல். நாள் முழுதும் குழந்தைகளோடு பேசிவிட்டு அலுவலகங்களுக்குப் போனால், அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அதிகாரியையும் 'நீ' என்று சொல்லிவிடுவேன். முகம் மாறும். காரியம் நடக்காது.

எழிலுக்குத் தமிழில் அதே கதை. அவள் கேட்டு வளர்ந்த தமிழ் நாங்கள் அவளிடம் பேசிய தமிழ் மட்டும்தான். அதனால் அவளுக்கு உலகத்தில் எல்லோரும் 'நீ'. ஊருக்குப் போயிருந்தபோது சேகரின் பெரியப்பாவைப் பார்த்து, "நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள். பெரியப்பா திரும்பி என்னைப் பார்த்தார். அவள் பெயரை இங்கே யாருக்கும் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'எசில்' ஆனாள். ஒரு நாள் போனில் அவளே, "எசில் பேசுகிறேன்" என்று சொல்வதைக் கேட்டேன். அன்று சமைக்கப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு வயதுக்கு மேல் அவள் எங்களிடம் பேசியது குறைவு. கோபம் எதுவும் கிடையாது. கதவு மட்டும் சாத்தியிருக்கும். அப்படிப்பட்டவள் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் இருக்கிற தன்னுடைய ஆலைக்கு ஒன்றரை வருடம் போக யார் தயார் என்று கேட்டபோது கை தூக்கினாள். நாங்கள் எங்கிருந்து கிளம்பினோமோ அங்கேயே மகள் திரும்பிப் போகிறாள். சேகருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அங்கே போய்த்தான் அவள் பேசத் தொடங்கினாள். வடக்குப்பட்டுப் பக்கம் மூன்றாவது மாடியில் ஒரு வீடு. கூட ரம்யா. தெற்கே திருமங்கலத்துப் பெண், அதே ஆலை. ஞாயிறு தோறும் வீடியோவில் ஒரு மணி நேரம் பேசுவாள். ரம்யா இதைச் சொன்னாள், ரம்யா அதைச் சமைத்தாள், ரம்யா 'வந்துருச்சு போயிருச்சு' என்று பேசுவது எவ்வளவு அழகு என்பாள். பிறகு அதே ஆலைப் பையன் விக்னேஷின் பெயரும் வர ஆரம்பித்தது. விக்னேஷ் பைக்கில் இருவரையும் ஏற்றிக்கொண்டு போய் போலீஸ்காரரிடம் மாட்டினான், விக்னேஷ் அவளுக்குத் தமிழ் எழுதச் சொல்லித்தருகிறான். அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் காதோரத்து முடியை ஒதுக்குவாள். நான் பார்த்தும் பாராததுபோல இருந்தேன். மகள் பேசுகிறாள் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் அந்தப் பெயர் நின்றது. அதற்கடுத்த வாரம் அவளும் நின்றாள்.

படம் பார்த்த மூன்றாம் நாள் ரம்யா என்னைக் கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, நான் ரம்யா பேசுறேன். பயப்படாதீங்க. எழிலுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேங்குறா. லீவு போட்டுட்டா. சாப்பாடு வச்சா வச்சபடியே இருக்கு. கேட்டா, 'தூக்கம் வருது'ங்குறா. உங்கட்ட ஏதும் சொன்னாளா ஆன்ட்டி?"

"எப்பலேர்ந்தும்மா?"

"எனக்கும் விக்னேஷுக்கும் கல்யாணம் முடிவாயிருச்சுல்ல ஆன்ட்டி, அவ சொல்லியிருப்பாளே. அன்னைக்கு அம்புட்டு சந்தோசமா என்னையக் கட்டிப்பிடிச்சா. பூவெல்லாம் வாங்கிட்டு வந்தா. அதுக்குப் பெறகுதான் இப்பிடி. எனக்கு ஒண்ணுமே புரியல. நீங்க எதுவும் திட்டுனீங்களா?"

"ஆமாம்மா, நான்தான் கொஞ்சம் கோபமாப் பேசிட்டேன்" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

போனை வைத்ததும் கண்ணுக்குள் ஓடியது நூலகத்துத் திரைதான். ஒதுங்கிப்போன ஆள் கடைசியில் என்ன ஆகிறான் என்று மூன்று நாளைக்கு முன்புதான் பார்த்திருந்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

4

கிளம்பிவிடலாம் என்றால் முடியவில்லை. குடியுரிமை மாறியவர்கள் இந்தியாவுக்குள் போக ஓர் அட்டை வேண்டும். எங்கள் இருவருடைய அட்டையும் பெயர்த் திருத்தத்துக்காக ஒரே உறையில் போயிருந்தது. எங்கள் பெயர்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப்பெயர். சேகரின் அப்பா பெயர் சேகருக்கு. சேகரின் பெயர் எழிலுக்கு. "நீங்கள் மூவரும் ஒரே குடும்பம்தானா?" என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள். இருபது வருடமாக ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்தைக் கூப்பிட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். அவசர விசா கேட்டேன். "உங்களுக்குத்தான் அட்டை இருக்கிறதே, விசா தர முடியாது." அட்டை உங்களிடம் அல்லவா இருக்கிறது என்றேன். "ஆமாம், பரிசீலனையில்" என்றார் அந்தப் பெண். அவருடைய குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மருத்துவச் சான்று இருந்தால் பார்க்கலாம் என்றார். என்ன நோய் என்று எழுதுவது?

எழிலை அழைத்துக்கொண்டே இருந்தேன். எடுக்கவில்லை. ஒரு முறை மட்டும், "தூங்கறேன் மா. அப்புறம்" என்று எழுத்தில் வந்தது. சொந்தக்காரர்கள் இப்போது செங்கல்பட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். அவளுக்கு அது இன்னொரு அடி.

சேகர் தானாகவே சொன்னார். "சாலமனக் கூப்டு."

"நீங்க கூப்பிடுங்க."

"நீதான் கூப்டணும்" என்றார்.

சாலமன் இப்போது ஒரு கம்பெனியில் தொழிலாளர் பஸ்களைக் கவனித்துக்கொள்கிற பொறுப்பில் இருக்கிறார். எந்தப் பஸ் எங்கே நிற்கிறது, எந்த டிரைவர் வரவில்லை, இதுதான் வேலை. எடுத்ததும் பின்னால் ஹாரன் சத்தம்.

"இன்னா மேடம், ஜெர்மனிலேர்ந்து நேரா கூப்டுறீங்க? வாட்ஸப்ல குட்மார்னிங் மட்டும்தான வரும்?"

எழில் நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வெளியே வரவில்லை என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் ஒரு பஸ் கடந்து போனது.

"பையன் பேரு இன்னா?" என்றார் சாலமன்.

சொன்னேன். ரம்யாவைப் பற்றியும் சொன்னேன். பின்னால் அவருடைய மனைவி ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார் போலிருக்கிறது. "யாருய்யா? எழிலா? வயசுப் பொண்ணு ரூமுக்கு நீ மட்டும் போயி நின்னுகினு இருப்பியா? நாளைக்கு நானும் வர்றேன். வெறுங்கையோட போவாத."

"கேட்டுச்சா மேடம்? கமாண்டர் ஆர்டர் போட்டாச்சு. அந்த ரம்யா பொண்ணு ஷிஃப்டுக்குப் போற நேரம் மட்டும் எனக்குச் சொல்லுங்க."

5

மறுநாள் அங்கே மாலை, எனக்கு மதியம். பள்ளிக்கூடத்தில் பரிமாறிக்கொண்டிருந்தபோது ஏப்ரனில் போன் அதிர்ந்தது, சாலமனின் வீடியோ அழைப்பு. கூட வேலை செய்கிற பிர்கிட் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியை வாங்கிக்கொண்டாள். சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே குழந்தைகள் தட்டுகளைத் தட்டிக்கொண்டிருந்தன. போனில் படம் எதுவும் தெரியவில்லை. நீலச் சட்டைத்துணி மட்டும்.

கதவு தட்டும் ஓசை. சாலமன் குரல்.

"பாப்பா, கதவத் தொற. மாமா கறிக்கொழம்பு எட்த்தாந்துகிறேன்."

"கொழம்பு நான் வச்சது. தூக்கினு வந்ததுதான் இவரு" என்றார் ஸ்டெல்லா.

தாழ்ப்பாள் சத்தம். பிறகு என் மகளின் குரல், சுருங்கிப்போய். "மாமா, நீ எதுக்கு வந்த?"

"நீ துன்னியான்னு பாக்கத்தான். இன்னா பாப்பா இது, எலி மாதிரி ஆயிட்ட. இரு, ஒண்ணு சொல்லிட்றேன். உங்கம்மா லைன்ல கீறாங்க, என் பாக்கெட்ல. உன் மூஞ்சி அங்க தெரியாது. வோணான்னா சொல்லு, கட் பண்ட்றேன்."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"இருக்கட்டும்" என்றாள் எழில்.

பாத்திரங்கள் திறக்கும் ஓசை கேட்டது. ஸ்டெல்லா, "தலய வாரி எத்தினி நாளாச்சு? இப்டி வந்து கீழ ஒக்காரு. ஐயே, சிக்கு பாரு. எண்ண எங்க வச்சிகிற?" என்று அதட்டிக்கொண்டிருந்தார். சீப்பு சிக்குகிற இடங்களில் எழில், "ஆ" என்றாள். அந்த 'ஆ'வைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அவள் தானாகத்தான் பேசினாள். என் முகம் அவளுக்குத் தெரியாது, அவள் முகம் எனக்குத் தெரியாது. அதனால்தானோ என்னவோ.

"மாமா, எனக்கு விக்னேஷைப் பிடிக்கும். யார்கிட்டயும் சொல்லல. ரம்யாவையும் ரொம்பப் பிடிக்கும். யாரையாவது வெறுக்க முடிஞ்சா ஈஸியா இருக்கும். முடியல."

"ஆமா, முடியாது" என்றார் சாலமன்.

"கல்யாணத்துக்கு நான்தான் பக்கத்துல நிக்கணும்னு சொல்றா. நான் அங்க போயி என்ன பண்றது? சிரிக்கணுமா? நான் வரலன்னு சொல்லிட்டு எங்கயாவது போயிடறேன். வேலையும் வேணாம். ஜெர்மனியும் வேணாம். எதுவும் வேணாம் மாமா."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் அலமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சிரிக்க வோணாம்" என்றார் சாலமன். "நான் ஒரு படம் சொல்றேன் கேளு. இந்திப் படம். உங்கப்பன், உங்கம்மால்லாம் பாதிதான் பாத்துகிறாங்க. மீதிக்குக் கரண்ட் போயிடுச்சி."

அவர் சொல்லத் தொடங்கினார். அதே கதை, அதே ரயில், அதே தீபாவளி. ஒரு சொல்கூட மாறவில்லை. பொய் என்று எனக்கு இப்போது தெரியும். இருந்தும் அவர் அந்த இடத்துக்கு வரவேண்டுமே என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"...எல போட்டு பரிமாறுவாங்க. ஒரு வாய் வச்சிட்டு இன்னா சொல்வான் தெரியுமா? உப்பு கம்மின்னு சொல்வான்."

"ஏன்?" என்றாள் எழில். நாங்கள் யாரும் அன்று கேட்காத கேள்வி.

"நல்லா கீதுன்னு சொல்லப் போனா தொண்ட அடச்சிக்கும். நல்லால்லன்னா அவங்க மனசு கஷ்டப்படும். உப்பு கம்மின்னு சொன்னா அந்தம்மா எழுந்து உள்ள போவாங்க. அவன் கூட்டாளியும் அவங்க போறதப் பாப்பான். அந்த நேரத்துல இவன் மூஞ்சத் தொடச்சிக்கலாம். அவங்க உப்பு எட்த்தாந்து வைக்கறதுக்குள்ள சரியாப்பூடும். அப்புறம் சாப்பாடு நல்லாத்தான் இருக்கும்."

பாக்கெட்டில் நான் இருப்பதைச் சாலமன் மறந்துவிட்டாரா, மறக்காமல்தான் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கப் போவதும் இல்லை.

"வருஷா வருஷமா?" என்றாள் எழில்.

"மொத நாலஞ்சு வருசம் நெஜமாவே வோணும். அதுக்கப்புறம் சும்மா பழக்கத்துக்கு."

"அந்தப் பழக்கத்த எங்கிட்டயும் காட்டுனாரு உங்க மாமா" என்றார் ஸ்டெல்லா. சீப்பு நிற்கவில்லை. "எங்களுக்குக் கல்யாணம் ஆயி மொத பண்டிக. ஒரு வாய் வச்சிட்டு உப்பு கம்மின்னாரு. நான் எழுந்து போவல. டப்பாவ மொதல்லயே எலகிட்ட வச்சிகினு எதுர்ல ஒக்காந்துனு இருந்தேன். போட்டுக்கோன்னேன். அன்னிக்கு மூஞ்ச எங்க தொடப்பாரு? என்னியப் பாத்துகினேதான் துன்னாரு. அப்புறம் இந்த வூட்ல உப்பு கம்மியானதே இல்ல."

எழில் சிரித்தாள். சிரிப்பா அழுகையா என்று துணிக்குள்ளிருந்து பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு சாப்பிடும் ஓசை கேட்டது.

"மாமா, நீ அந்தப் படம் பேரு சொல்லு" என்றாள், வாயில் சோற்றோடு.

சாலமன் சொல்லிவிட்டார்.

6

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு ஒரு படத்தின் பெயரைச் சொன்னால் என்ன நடக்கும் என்று சாலமனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. போனில் தட்டினால் வந்துவிடும், சப்டைட்டிலோடு. உண்மையான முடிவும் வந்துவிடும்.

அவள் மறுநாளே வேலைக்குப் போனாள் என்று ரம்யா சொன்னாள். எனக்கு அது போதவில்லை. படத்தைப் பார்க்காதே என்று எழுதலாமா? எழுதினால் கட்டாயம் பார்ப்பாள். முடிவு இப்படி என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாமா? சொன்னால் சாலமன் சொன்னது கலைந்துபோகும். ஒவ்வொரு நாளும் எழுதினேன், அழித்தேன். பள்ளியில் ஒரு குழந்தைக்கு இரண்டு முறை பரிமாறிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டேன். பிர்கிட் என்னை டாக்டரிடம் போகச் சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை அவளிடமிருந்து செய்தி வந்தது. "படம் பாத்தேன்."

அவ்வளவுதான். நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "எப்படி இருந்தது?" என்று எழுதினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது, படித்துவிட்டாள். பதில் இல்லை. சாலமனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு உடனே புரியவில்லை. "பாத்தா பாக்கட்டுமே மேடம்" என்றவர் சட்டென்று நிறுத்தினார். நாங்களும் பார்த்துவிட்டோம் என்று அதுவரை அவரிடம் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை. ஆனால் அவர் நிறுத்திய விதத்தில், அவருக்கு அது தெரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"நாளைக்கு அவங்கல்லாம் கல்யாணத்துக்குத் திருமங்கலம் கெளம்புறாங்க மேடம்" என்றார் கொஞ்சம் கழித்து. "எங்க பஸ்ஸுதான் பேசி வுட்டுகிறேன். பாப்பா ஏறிடுச்சான்னு நானே போயிப் பாத்துச் சொல்றேன்."

மறுநாள் அவரிடமிருந்து வந்தது: "ஏறிடுச்சி. ஜன்னல் சீட்டு."

ஞாயிறு. இங்கே பனி இன்னும் விழவில்லை, விழப்போகிற மாதிரி வானம் தாழ்ந்திருந்தது. கடைகள் எல்லாம் மூடியிருக்கிற நாள். தெருவில் ஒருவர் நாயோடு போனார். சேகரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காலையிலேயே எழுந்து சமைத்ததை யாரும் தொடவில்லை. முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டேன். தாலி கட்டியாகியிருக்கும். இப்போது பந்தி நடந்துகொண்டிருக்கும்.

போன் ஒளிர்ந்தது. எழில் ஒரு படம் அனுப்பியிருந்தாள்.

வாழையிலை. சோறு, சாம்பார், இரண்டு பொரியல், அப்பளம். சோற்றின் ஓரத்தில் ஒரு கவளம் எடுத்த பள்ளம். இலைக்கு மேலே, பட்டுப் புடவையும் மாலையுமாக, கல்யாணப் பெண் ரம்யாவே குனிந்து நிற்கிறாள். பந்தியைப் பார்க்க வந்தவளாக இருக்கும். கையில் உப்புக் கிண்ணம். முகத்தில் பதற்றம். படத்துக்குக் கீழே, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, இரண்டே சொல்:

உப்பு கம்மி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலையின் இடது மூலையில், எல்லாக் கல்யாணப் பந்தியிலும் முதலில் வைக்கிற இடத்தில், உப்பு அப்படியே இருந்தது. தொடவே இல்லை.

போனைச் சேகரிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார்.

"சாலமனுக்கு அனுப்பு" என்றார்.

அனுப்பினேன். பிறகு எழுந்துபோய் ஆறிப்போன சாம்பாரை அடுப்பில் வைத்தேன். கொதி வருவதற்குள் சாலமனின் குரல் பதில் வந்துவிட்டது. பின்னால் வழக்கம்போல ஒரு பஸ் ஹாரன்.

"அப்ப அடுத்த வருசமும் பாப்பா அவங்க வூட்டுக்குப் போவும் மேடம்."